66 பவுண்டு வந்த வழி

2022 அக்டோபரில் பிரிட்டனில் மின்கட்டண பில்லைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதில் புதிதாக ஒரு கழிவு தெரிந்தது: 66 பவுண்டு. நவம்பரிலும் 66. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மாதம் 67. மொத்தம் 400. யாரும் விண்ணப்பம் போடவில்லை, யாரும் வருமானச் சான்று கேட்கவில்லை. எண்ணெய்க் கம்பெனிகள்மேல் வரி போட்டு அதிலிருந்து நமக்குக் கொடுக்கிறார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி இன்னும் சுவாரசியமானது. டீயை ஆற்றிக்கொள்ளுங்கள், கதை கொஞ்சம் நீளம்.

முதலில் யார் சம்பாதித்தார்கள் என்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் பத்து வீட்டில் எட்டுக்கு மேல் எரிவாயுவில்தான் சூடேறுகிறது. மின்சாரமும் பெரும்பாலும் எரிவாயுவின் விலையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறது. எப்படியென்றால், அந்தந்த நேரத்துத் தேவையை நிறைவு செய்யக் கடைசியாக ஓட்ட வேண்டியிருக்கும் மின்நிலையம் எந்த விலை கேட்கிறதோ, சந்தையில் அதுவே எல்லோருக்கும் விலை. பிரிட்டனில் பெரும்பாலான நேரம் அந்தக் கடைசி நிலையம் எரிவாயுவில் ஓடுவது. ஆகவே ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்து, ஐரோப்பாவுக்கு வரும் எரிவாயு சுருங்கி, விலை பல மடங்கு ஏறியபோது காற்றாலை மின்சாரத்தின் விலையும் கூடவே ஏறியது.

வடகடலில் கிணறு வைத்திருக்கும் கம்பெனிக்குச் செலவு அதே செலவு. அதே கிணறு, அதே ஆட்கள், அதே குழாய். விற்கும் விலை மட்டும் வானத்தில். ஷெல் கம்பெனியின் 2022ஆம் ஆண்டு லாபம் ஏறத்தாழ 4,000 கோடி டாலர். அதன் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத லாபம். கேட்காமல் வந்த அதிர்ஷ்டம்.

“சரி, எனக்கு பில் அனுப்புகிறவன்தானே கொள்ளையடித்தான்?” என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை, இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பில் அனுப்புகிறவர் சில்லறை வியாபாரி. தக்காளி கிலோ 150 ரூபாய்க்குப் போகும் வாரத்தில், சந்தையில் வாங்கிவந்து விற்கும் தெருக்கடைக்காரர் பணக்காரர் ஆவதில்லை. சரக்கைக் கையில் வைத்திருப்பவர்தான் ஆகிறார். பிரிட்டனில் தெருக்கடை நிலையில் இருந்தவர்கள் பணக்காரர் ஆகவில்லை, மூழ்கினார்கள். சில்லறை விலைக்கு ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை ஆணையம் உச்சவரம்பு வைத்திருந்தது. வாங்கும் விலை அதைத் தாண்டிவிட்டது. போருக்கு முன்பே விலை ஏறத் தொடங்கிய 2021 கோடைக்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஏறத்தாழ முப்பது கம்பெனிகள் கடையைச் சாத்தின. அந்த நவம்பரில் பல்ப் என்ற பெரிய கம்பெனியும் விழுந்தது. விழுந்தவர்களின் செலவும் சுற்றிச் சுற்றி எல்லோருடைய பில்லிலும் வந்து ஏறியது.

அந்த உச்சவரம்பு எப்படி ஏறியது என்று பாருங்கள். நடுத்தர அளவில் பயன்படுத்தும் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 1,277 பவுண்டு என்று 2021 அக்டோபரில் இருந்தது. 2022 ஏப்ரலில் 1,971. அதே ஆண்டு அக்டோபருக்கு அறிவித்தது 3,549. ஒரே வருடத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு.

இதற்கு நிதியமைச்சர் ரிஷி சுனக் முதலில் கண்டுபிடித்த மருந்து வேடிக்கையானது. 2022 பிப்ரவரியில், ஒவ்வொரு வீட்டுக்கும் மின்கட்டணத்தில் 200 பவுண்டு கழித்துக்கொடுப்போம், பிறகு ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 40 பவுண்டாகத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றார். தள்ளுபடி என்று பெயர், உள்ளே இருந்தது கடன். எதிர்க்கட்சியான லேபர் அந்த ஜனவரியிலிருந்தே எண்ணெய்க் கம்பெனிகள்மேல் வரி போடச் சொல்லிக்கொண்டிருந்தது. முதலீடு கெட்டுவிடும் என்று அரசு மறுத்துக்கொண்டிருந்தது.

மே 26ஆம் தேதி சுனக் மனம் மாறினார். முந்தைய நாள்தான் பிரதமர் இல்லத்தில் ஊரடங்குக் காலத்தில் நடந்த விருந்துகளைப் பற்றிய சூ கிரே அறிக்கை வெளியாகியிருந்தது. இரண்டும் தற்செயலாக அடுத்தடுத்து வந்ததாக நம்ப விரும்புபவர்கள் நம்பலாம். அன்று 200 பவுண்டு கடன் 400 பவுண்டு கொடையானது. அரசு உதவி வாங்கும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குத் தனியாக 650 பவுண்டு, முதியவர் இருக்கும் வீட்டுக்கு 300, மாற்றுத்திறனாளிகளுக்கு 150. செலவு மொத்தம் 1,500 கோடி பவுண்டு. வரவுப் பக்கம், வடகடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் கம்பெனிகளின் லாபத்தில் கூடுதலாக 25 சதவீதம் வரி. அவர்கள் ஏற்கெனவே 40 சதவீதம் கட்டிவந்தார்கள், இனி 65. அன்று ஆண்ட கன்சர்வேடிவ் கட்சிக்கு இந்தப் பழக்கமே கிடையாது என்றும் சொல்ல முடியாது. 1981இல் அதே கட்சியின் தாட்சர் ஆட்சியிலேயே, வட்டி ஏற்றத்தில் கொழுத்த வங்கிகள்மேல் இப்படி ஒருமுறை வரி விழுந்திருக்கிறது.

இப்போது அந்தப் பாதி உண்மைக்கு வருகிறேன். புதிய வரி முதல் ஓராண்டில் கொண்டுவரும் என்று எதிர்பார்த்தது சுமார் 500 கோடி பவுண்டு. உதவியோ 1,500 கோடி. அறிவித்த அன்றைக்கே மூன்றில் ஒரு பங்குதான் வரியிலிருந்து. மிச்சத்துக்குப் பெரும்பாலும் கடன். போதாக்குறைக்கு வரியில் ஒரு பெரிய சலுகையும் இருந்தது. புதிதாக எண்ணெய் எடுக்க ஒரு பவுண்டு முதலீடு செய்தால், எல்லாச் சலுகையும் சேர்த்து 91 பென்ஸ் வரியில் கழிந்துவிடும். விளைவு, அந்த அக்டோபரில் ஷெல் மூன்று மாத லாபக் கணக்கை அறிவித்தபோது, முதலீடுகளைக் கழித்ததில் பிரிட்டனில் அதுவரை இந்த வரி கட்ட வேண்டி வரவில்லை என்றது. மக்கள் கொதித்தார்கள். பின்னால் நிதியமைச்சராக வந்த ஜெரமி ஹன்ட் விகிதத்தை 35 ஆக்கினார், 2024இல் அந்தப் பதவிக்கு வந்த ரேச்சல் ரீவ்ஸ் 38 ஆக்கி அந்த முதலீட்டுச் சலுகையையும் எடுத்தார். இன்று மொத்தம் 78 சதவீதம்.

இன்னொன்று. பிரிட்டனில் இப்படிப்பட்ட வரி வந்தால் அது அரசின் பொதுக் கருவூலத்தில் போய்க் கலந்துவிடும். இந்த வரிப்பணம் இந்த உதவிக்கு என்று பணத்தில் யாரும் பெயர் எழுதி வைப்பதில்லை. அரசியல்வாதி மேடையில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார், அவ்வளவுதான். எனக்கு இதில் பெரிய மனத்தாங்கல் இல்லை. வரி நியாயமானதா என்பது ஒரு கேள்வி. உதவி போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு நாடாளுமன்றத்தில் எத்தனையோ நாள் சண்டை போட்டார்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் ஆள் குறைவு. குளிரில் நடுங்கியவனுக்கு முக்கியம் அதுதான்.

ஏனென்றால் அந்த 400 பவுண்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரவில்லை. வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போகும்படி வைத்திருந்தவருக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. ஊருக்கு வெளியே இரண்டாவது வீடு வைத்திருந்தவருக்கு, அந்த வீட்டுக்கும் தனியாக 400 கழிந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது, தன் பங்கைத் தர்மத்துக்குக் கொடுத்துவிடப்போவதாகச் சொன்ன சுனக், வசதியுள்ள மற்றவர்களும் அப்படிச் செய்யலாம் என்றார்.

மறுகோடியில் இருப்பவர்கள் முன்பணம் கட்டி மின்சாரம் வாங்குகிறவர்கள். பிரிட்டனில் 40 லட்சம் வீடுகளுக்கு மேல் இந்த மீட்டர். செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வதுபோல, ஒரு சாவியையோ கார்டையோ தெருமுனைக் கடைக்கு எடுத்துப்போய் பத்துப் பவுண்டு, இருபது பவுண்டு டாப்-அப் செய்ய வேண்டும். ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் அந்தக் கடைகளில் பலவற்றின் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் நம் ஆள்தான், யாழ்ப்பாணத்துக்காரர். காசு தீர்ந்தால் விளக்கு அணைந்துவிடும். கடன் பாக்கி வைத்தவர்கள் வீட்டில்தான் இந்த மீட்டர் அதிகம் பொருத்தப்படுகிறது. வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் கட்டாயமாகப் பொருத்துவது அளவு மீறிப்போய், 2023 பிப்ரவரியில் ஆஃப்ஜெம் அதை நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டிவந்தது.

இந்த மீட்டரில் பழைய வகை வைத்திருந்தவர்களுக்குக் கழிவை மீட்டருக்குள் நேராக அனுப்ப வழியில்லை. எனவே வவுச்சர். தபாலில், குறுஞ்செய்தியில், மின்னஞ்சலில் மாதம் ஒன்று. அதை எடுத்துக்கொண்டு, அடையாள அட்டையும் சாவியும் சகிதம் தபால் நிலையத்துக்கோ பேபாயின்ட் இயந்திரம் உள்ள கடைக்கோ போக வேண்டும். ஒவ்வொரு வவுச்சருக்கும் காலாவதி 90 நாள். சிலருக்குப் பழைய முகவரிக்குப் போனது. சிலர் விளம்பரக் காகிதம் என்று குப்பையில் போட்டார்கள். அரசு பணம் தருகிறது என்று குறுஞ்செய்தி வந்தால் நீங்களும் நானும் என்ன நினைப்போமோ அதையே நினைத்து அழித்தவர்களும் உண்டு. 2023 ஜூன் 30 கடைசி நாள் என்று வைத்தும், லட்சக்கணக்கான வவுச்சர்கள் காசாகாமலே போயின. யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்குத்தான் அதிகப் படிக்கட்டு.

மீட்டரே தன் பெயரில் இல்லாதவர் கதை இன்னொன்று. நகரும் வீடுகளில் இருப்பவர்கள், படகில் குடியிருப்பவர்கள், முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள், ஒரு கட்டடத்துக்கே ஒரே கொதிகலன் உள்ள இடங்களில் இருப்பவர்கள் என்று சுமார் 9 லட்சம் குடும்பங்கள். இவர்களுக்கு விண்ணப்பிக்கும் பக்கம் திறந்ததே 2023 பிப்ரவரி 27ஆம் தேதி. குளிர்காலம் முடியப்போகும் நேரம். வந்த விண்ணப்பங்கள் எதிர்பார்த்ததற்கு வெகு கீழே.

அந்த 650 பவுண்டைப் பாருங்கள், அது வேறு ரகம். அரசு உதவி ஏற்கெனவே எந்த வங்கிக் கணக்குக்குப் போகிறதோ அதே கணக்குக்கு, ஜூலையில் 326, இலையுதிர் காலத்தில் 324. வவுச்சர் கிடையாது, வரிசை கிடையாது. பெரும்பாலோருக்கு ஜூலை முடிவதற்குள் கையில் இருந்தது. குறை இல்லாமலில்லை. குறிப்பிட்ட ஒரு மாதத்தில் உதவிக்குத் தகுதி இருந்திருக்க வேண்டும் என்று விதி. அந்த மாதம் பார்த்துக் கூடுதல் நேரம் வேலை செய்து உதவித்தொகை பூஜ்யமாகிப்போனவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நூறு ரூபாய் கூடச் சம்பாதித்து ஆயிரத்தை இழப்பது. இருந்தாலும் நான் பார்த்தவரை மொத்தத் திட்டத்திலும் சுத்தமாக நடந்தது இந்த ஒன்றுதான்.

2022 செப்டம்பரில் லிஸ் டிரஸ் பிரதமராக வந்தார். அவர் எடுத்த வழி கையில் பணம் கொடுப்பது அல்ல, விலையையே அமுக்குவது. மின்சாரம் ஒரு யூனிட் சுமார் 52 பென்ஸ் ஆகவேண்டியது 34. எரிவாயு 15 ஆகவேண்டியது 10.3. வித்தியாசத்தை அரசு சில்லறைக் கம்பெனிக்குக் கொடுக்கும். நடுத்தர வீட்டுக்கு ஆண்டுக்கு 3,549 ஆகியிருக்க வேண்டியது 2,500. யாரும் 2,500க்கு மேல் கட்ட வேண்டாம் என்று டிரஸ் வானொலியில் சொல்லப்போய், அது தவறு என்று பலர் சுட்டிக்காட்ட வேண்டிவந்தது. உச்சவரம்பு இருந்தது யூனிட் விலைக்கு. பில்லுக்கு எந்த வரம்பும் இல்லை. பயன்படுத்தினால் ஏறும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர வீட்டுக்கு ஆண்டுக் கணக்கில் அரசு தருவது 3,549 கழித்தல் 2,500, அதாவது 1,049 பவுண்டு. இரண்டு மடங்கு எரிக்கும் பெரிய வீட்டுக்கு ஏறத்தாழ 2,100. தோட்டத்தில் சூடேற்றிய நீச்சல் குளம் இருந்தால் இன்னும் மேலே. ஒரே அறையில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு மற்ற அறைகளைச் சாத்தி வைக்கும் கிழவிக்கு ஐந்நூறு தேறினால் பெரிது. அதாவது எவ்வளவு எரிக்கிறாயோ அவ்வளவு மானியம். கொஞ்சமாகப் பயன்படுத்துவோரை வாட்டிய இன்னொரு செலவை இது தொடவும் இல்லை. பிரிட்டனில் எதையும் போடாமல் இருந்தாலும் நாளொன்றுக்கு நிலைக்கட்டணம் உண்டு. அந்தக் குளிர்காலத்தில் மின்சாரத்துக்கு 46 பென்ஸ், எரிவாயுவுக்கு 28. முன்பண மீட்டரில் கோடை முழுக்க எரிவாயுவைத் தொடாமல் இருந்துவிட்டு அக்டோபரில் 20 பவுண்டு போட்டால், மீட்டர் முதலில் தன் பாக்கியை விழுங்கிவிட்டுத்தான் மிச்சத்தை விடும்.

விலையைக் குறைத்தால் சிக்கனமும் குறையும் என்பது ஜெர்மனிக்காரர்களை உறுத்தியது. அவர்கள் பொருளாதார நிபுணர்கள் குழு ஒன்றை வைத்து யோசித்தார்கள். முன்பு பயன்படுத்திய அளவில் 80 சதவீதத்துக்கு மட்டும் எரிவாயு யூனிட் 12 சென்ட். அதற்கு மேல் சந்தை விலை. இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. மானியத் தொகை பழைய கணக்கை வைத்துத் தீர்மானமாகிவிடும். இந்த ஆண்டு குறைத்துப் பயன்படுத்தினாலும் அது குறையாது. முன்பு 15,000 யூனிட் எரித்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை விலை 20 சென்ட். 80 சதவீதம் 12,000 யூனிட், யூனிட்டுக்கு 8 சென்ட், மொத்தம் 960 யூரோ உதவி. இந்த ஆண்டு 10,000 யூனிட்டில் அடங்கிவிட்டால் 2,000 யூரோவில் 960 கழித்து 1,040 கட்டினால் போதும். சேமித்த ஒவ்வொரு யூனிட்டும் 20 சென்ட் மிச்சம் பிடித்துத் தருகிறது, 12 அல்ல. ஆனால் இங்கேயும் பழைய கணக்குப் பெரிதாக இருந்த பங்களாவுக்குத்தான் பெரிய தொகை. செலவுக்குப் பெரும்பாலும் கடன்தான், வரி சிறு பங்கு. அரசின் தனிநிதிகள்மேல் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு விழுந்ததும் திட்டம் 2023 டிசம்பரோடு முடிந்தது.

அப்படியென்றால் வரியையும் உதவியையும் சட்டத்தாலேயே கட்டிப்போட்டால் சரியாகுமா? கனடா அதைச் செய்து பார்த்தது. 2019 ஏப்ரலில் பெட்ரோல், எரிவாயு எல்லாவற்றுக்கும் கரிக்கட்டணம் வந்தது. டன்னுக்கு 20 டாலரில் தொடங்கி 2024இல் 80 ஆயிற்று. வசூலில் சுமார் 90 சதவீதம் அந்தந்த மாகாணக் குடும்பங்களுக்கே திரும்பிப் போனது. எரித்த அளவைப் பார்த்து அல்ல. குடும்பத்தில் எத்தனை பேர் என்று பார்த்து. ஒன்டாரியோவில் நால்வர் குடும்பத்துக்கு 2024இல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 280 டாலர். கட்டிய நேரடிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலான குடும்பங்களுக்கு வரவே அதிகம் என்று நாடாளுமன்றத்தின் நிதி அலுவலரும் சொன்னார். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுத்தமான ஏற்பாடு வேறெங்கும் இல்லை.

இருந்தும் அது செத்துப்போனது. கட்டணம் எரிவாயு பில்லில் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. பெட்ரோல் பங்க்கில் ஒவ்வொரு முறையும் உறுத்தியது. திரும்பி வந்த பணம் முதல் மூன்று ஆண்டுகள் வருமான வரிக் கணக்குக்குள் ஒளிந்திருந்தது. 2022 ஜூலையிலிருந்து வங்கிக்கு வந்தது, ஆனால் ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு விதமான சுருக்கக் குறிப்போடு காட்டியது. ஸ்கார்பரோவில் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் கேட்டால் கட்டணத்தைத் திட்டுவார்கள், 280 டாலரை “ஏதோ கவர்மென்ட் காசு” என்பார்கள். 2023 அக்டோபரில் பிரதமர் ட்ரூடோ வீட்டுச் சூட்டுக்கான எண்ணெய்க்கு மட்டும் மூன்றாண்டு விலக்குக் கொடுத்தார். அந்த எண்ணெயை அதிகம் எரிப்பது அட்லாண்டிக் கரை மாகாணங்கள். மற்ற மாகாணங்கள், எங்களுக்கு ஏன் இல்லை என்று பிடித்துக்கொண்டன. எதிர்க்கட்சித் தலைவர் பொலியேவ் வரியை ஒழிப்போம் என்ற ஒரே முழக்கத்தோடு ஊர் ஊராகப் போனார். கடைசியில் ஒழித்தவர் லிபரல் கட்சியின் மார்க் கார்னி. பிரதமரான அன்றே கையெழுத்திட்டு, 2025 ஏப்ரல் 1 முதல் கட்டணம் பூஜ்யம். கடைசித் தவணை அதே மாதம் வந்தது. பணம் நின்ற பிறகுதான் சிலர் அது எதற்கு வந்தது என்று விசாரித்தார்கள்.

மறுபடி பிரிட்டனுக்கு வருவோம். ஹன்ட் 2022 அக்டோபரிலேயே, எல்லோருக்கும் மானியம் என்பதை ஏப்ரலோடு நிறுத்தி, தேவைப்படுபவருக்கு மட்டும் கொடுக்க வழி பார்ப்போம் என்றார். பார்த்தார்கள்; முடியவில்லை. ஏப்ரல் வந்தபோது அதே 2,500 இன்னும் மூன்று மாதம் நீண்டது. காரணம் கஞ்சத்தனமோ தாராளமோ இல்லை. யார் ஏழை என்ற கணக்கு ஒரு அரசுத் துறையிடம் இருக்கிறது. யார் எவ்வளவு எரிக்கிறார்கள் என்பது கம்பெனிகளிடம் இருக்கிறது. இரண்டையும் முழுதாகப் பொருத்திப் பார்க்கும் ஏற்பாடு இல்லை.

வரி வாங்கும் பக்கம் மட்டும் அடுத்த நெருக்கடிக்கு இப்போதே தயார். இன்றைய கூடுதல் வரி 2030 மார்ச்சில் முடிகிறது. அதன் இடத்துக்கு 2025 நவம்பரில் நிரந்தர விதி ஒன்றை அறிவித்துவிட்டார்கள். எண்ணெய் பீப்பாய் 90 டாலரைத் தாண்டினால், எரிவாயு தெர்ம் என்ற அளவுக்கு 90 பென்ஸைத் தாண்டினால், தாண்டிய வருமானத்தில் 35 சதவீதம் அரசுக்கு. கொடுக்கும் பக்கத்துக்கு இப்படி எழுதி வைத்த விதி கிடையாது.

பாதி வழியாவது இருக்கிறது. குளிர்காலத்தில் ஏழை வீடுகளின் மின்கட்டணத்தில் இப்போது 150 பவுண்டு கழிக்கும் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்ற திட்டம் 2011 முதல் உண்டு. அதற்காக அரசுத் துறையின் பட்டியலையும் கம்பெனிகளின் பட்டியலையும் பெயர் பொருத்திப் பார்க்கிறார்கள். பெரும்பாலோருக்கு விண்ணப்பமே இல்லாமல் கழிந்துவிடும். 2025 குளிர்காலத்திலிருந்து சுமார் 60 லட்சம் வீடுகளுக்கு விரித்திருக்கிறார்கள். ஆனால் இதன் செலவு எண்ணெய் வரியிலிருந்து வரவில்லை, மற்ற எல்லோருடைய பில்லிலும் ஏறுகிறது. தகுதி எல்லைக்கு ஒரு பவுண்டு மேலே இருக்கும் குடும்பமும் சேர்ந்தே கட்டுகிறது. என்னைக் கேட்டால் அந்த 35 சதவீதத்தைக் கொண்டுவந்து இந்தப் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும். 650 பவுண்டு வேலை செய்ததும் இப்படி ஏற்கெனவே இருக்கும் பட்டியலை வைத்துத்தான்.

லண்டனில் உங்கள் சொந்தக்காரர் யாராவது வாடகை வீட்டில் இருந்தால் ஒன்று கேட்டுப் பாருங்கள்: மின்சார பில் யார் பெயரில் வருகிறது? பெயர் பொருத்தம் பார்ப்பது பில்லில் உள்ள பெயரை வைத்துத்தான். வீட்டு உரிமையாளர் பெயரில் வந்தால், அரசு உதவி வாங்கும் குடும்பமாகவே இருந்தாலும் அந்த 150 வராது.